பழி என்னுடையது என்றாய்

தம்பி,

நேற்று நீ வீட்டுப் பூட்டின் திறப்பைச் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உது இனி எனக்குத் தேவைப்படாதுதானே அப்பா, நீங்களே வைச்சிருங்கோ" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ அறைக்குள் போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு நீ விமானம் ஏறுகிறாய். பெயரைச் சொன்னாலே நாக்குச் சுளுக்குகிற ஏதோ ஒரு ஜப்பானிய ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போகிறாய். புறப்பட்டவனை வழி மறிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் பேச்சென்றால் சினோப் பனியும் ஹொக்கியும்தான் என்பது உனக்கே தெரியும். சனிக்கிழமைகளில் அழுது அழுது தமிழ் வகுப்புக்குப் போனாயே, அந்தத் தமிழை நம்பி இதை எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேள். எனக்கு எடுக்காதே, வெட்கமாக இருக்கும்.

உன்னுடைய கொமிக்ஸ் புத்தகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ அவற்றைப் பழைய பால் பெட்டி ஒன்றில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாய். கறுப்பு வெள்ளைப் படங்கள். தலையில் குடுமி, இடுப்பில் இரண்டு வாள், எல்லாரும் படுக்கையிலிருந்து எழும்பி வந்தவர்கள் மாதிரித் தொளதொளவென்று ஓர் உடுப்பு. முதல் புத்தகம் வாங்கி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நீ கதை சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஓர் ஒடுக்கமான தெருவில் இரண்டு சாமுராய்கள் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவனுடைய வாளுறை மற்றவனுடைய வாளுறையில் முட்டுகிறது. அது பெரிய அவமானமாம். அந்த இடத்திலேயே வாளை உருவி ஒருவனை ஒருவன் வெட்டுகிறார்கள், ஒருவன் சாகிறான். செத்தவனுடைய தம்பி பழிவாங்கப் புறப்படுகிறான், அதுதான் மிச்சக் கதை. நான் புட்டைப் பிசைந்துகொண்டே, "உதுக்கோ வெட்டிச் சாகிறது? சொறி சொல்லிப்போட்டுப் போறதுக்கு என்ன?" என்று கேட்டேன். உன் அண்ணன் சேந்தன் வாயில் சாப்பாட்டோடு சிரித்துப் புரைக்கேறி, நீ அவனுடைய முதுகில் தட்டினாய். "லூசுக் கூட்டமடா உவங்கள்" என்றான் அவன். நீ கோபித்துக்கொண்டு, "உங்களுக்கு ஹொனர் எண்டால் என்னெண்டு தெரியாது" என்றாய். அந்த மேசையில் அன்று நான்கு பேர் இருந்தோம். அவனுடைய சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கும், புரைக்கேறிய இருமலோடு சேர்த்து.

சேந்தன் அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவன் செத்த பிறகு, ஆறுதல் சொல்ல வந்த சனம் உன்னுடைய பால் பெட்டியைக் கண்டுவிட்டு, "உந்த வாள்வெட்டுப் புத்தகங்களைப் படிச்சுத்தானே பெடியள் கெட்டுப்போகுதுகள்" என்று முணுமுணுத்தது. எனக்கு அப்போது யாரோடும் வாதாடத் தெம்பில்லை. இன்று சொல்கிறேன், அவன் அதைப் படித்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். வாளுறை முட்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என்னுடைய வாயால் நீ கேட்டதில்லை. அந்தக் கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், சுதனுடைய தோள் சேந்தனுடைய தோளில் முட்டியது. அவ்வளவுதான். சுதன் வேறு யாருமில்லை, ஒஷாவாத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த நம்முடைய பரமண்ணையின் ஒரே மகன். நம் வீட்டில் எத்தனை தடவை சோறு தின்ற பெடியன். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கூட்டத்தோடு சேர்ந்த பிறகு இருவருக்கும் முறைப்பு. முட்டியது தெரியாமலா, தெரிந்தா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சேந்தன் திரும்பி, அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவனுடைய கன்னத்தில் அறைந்தான். சுதன் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அடுத்த நாள் எங்களை வேலைக்கு ஏற்றிப் போகிற வான் வண்டியில் யாரோ இதைச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "என்ர மூத்தவனோட கொளுவினால் சும்மா விடுவானோ" என்றேன். பரமண்ணை எனக்கு முன் சீட்டில்தான் இருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் மோர்னிங்சைட் பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் சுதன் கத்தியோடு வந்தான். அந்தப் புத்தகக்காரர்களின் கண்ணால் பார்த்தால், அவமானப்பட்டவன் சுதன். என் பிள்ளை கை நீட்டியவன். இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

செத்தவீட்டில் ஐயர் என்னைப் பார்த்து, "தகப்பன் வேண்டாம், தம்பிக்காரன் கொள்ளி வைக்கட்டும்" என்றார். நீ பதினேழு வயதுப் பெடியன். நனைந்த வேட்டியோடு நின்றாய், வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் எல்லாம் செய்தாய். கடைசியில் தகன அறையில் ஒரு பொத்தானைக் காட்டி, அழுத்தச் சொன்னார்கள். இந்த நாட்டில் கொள்ளி என்றால் அதுதானே. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். நீயாகவே அழுத்தினாய். உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம், உன் தோளில் ஒரு கையை வைத்திருக்கலாம். எனக்குக் கால் வரவில்லை, தம்பி.

அதற்கு முன், உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் சனம் நிறைந்திருந்த நேரம் இன்னொன்றும் நடந்தது. பரமண்ணை வந்தார். தனியாக வந்து கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றார். நம்முடைய ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நல்ல காரியம் என்றால் சொல்லாமல் ஒருவர் வாசற்படி மிதிக்கமாட்டார். செத்தவீட்டுக்கு யாரும் யாருக்கும் அழைப்பு வைப்பதில்லை. வருடக்கணக்காகக் கோபம், காணி வழக்கு, முகம் பாராத பகை, எதுவாக இருந்தாலும் செத்தவீட்டுக்கு மட்டும் வருவார்கள். வந்து ஒரு பக்கம் நிற்பார்கள், துக்கக்காரருடைய கையைப் பிடிப்பார்கள், போவார்கள். வந்தவரைப் போ என்று சொல்கிற உரிமை யாருக்கும் இல்லை. பரமண்ணை அந்த வழக்கத்தை நம்பி வந்தார். அம்மாவின் தம்பிமார் இரண்டு பேர் போய் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து, வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் படியில் விழுந்து, எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய சினோவைத் தட்டிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த நேரம் எனக்கு அது போதவில்லை என்றே பட்டது, இன்னும் இரண்டு அடி போடக் கூடாதா என்று நினைத்தேன். அதன் பிறகு பரமண்ணை எங்கள் வானில் வரவில்லை, ஒஷாவாவில் வேலையையும் விட்டுவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சுதனைப் பிணையில் விட்டார்கள். வழக்கு முடியும்வரை மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் மாமன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வீடு எனக்குத் தெரியும். அவர்கள் குடிபுகுந்தபோது நானும் அம்மாவும் போய், காய்ச்சிய பால் குடித்துவிட்டு வந்த வீடு. அவன் அங்கே மூன்று நேரமும் சாப்பிட்டுப் படுத்து எழும்புகிறான் என்கிற நினைப்பு என்னைத் தின்றது. காணும் இடத்திலெல்லாம் சனமும் ஊதிவிட்டது. தொழிற்சாலையில் கார் சீட்டுக்குப் பஞ்சு வெட்டுகிற கத்தி இருக்கும், நீளமாக, பல்லுப் பல்லாக. ஒன்றைத் துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவு. பழிவாங்கப் போகிறவனிடம் கார் இல்லை என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. இரண்டு பஸ் மாறி, பிறகு நெடுந்தூரம் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் குறைவு. சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா, "எங்க போகப்போறியள்?" என்று கேட்டாள். "கோயிலுக்கு" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நீ என்னுடைய சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்திருக்கிறாய். நான் ஹோலில் இருந்தேன். நீ வந்து துவாயோடு கத்தியை மேசையில் வைத்தாய். பிறகு அறைக்குள் போய் ஒரு கொமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து கத்திக்குப் பக்கத்தில் வைத்தாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உதை எடு அங்கால. சின்னப்பிள்ளை விளையாட்டு விளையாட வந்திட்டாய்" என்றேன்.

"அப்பா, ஒருக்காக் கேளுங்கோ. அங்க அந்தக் காலத்தில உதுக்கு ரூல்ஸ் இருந்தது. சும்மா போய் வெட்டேலாது. பெர்மிஷன் எடுக்கோணும். தகப்பனைக் கொலை செய்தால் மகன் பழி வாங்கலாம். அண்ணாவைக் கொலை செய்தால் தம்பி வாங்கலாம். மகனைக் கொலை செய்தால் தகப்பன் வாங்கேலாது. நொட் அலௌட்."

"ஏனாம்?"

"மூத்த ஆளுக்காக இளைய ஆள்தான் செய்யலாம். மற்றப்பக்கம் இல்லை. தற்ஸ் த லோ."

"ஜப்பான்காரன்ர சட்டம் எனக்கு என்னத்துக்கடா?"

நீ புத்தகத்தைக் கத்தியிலிருந்து தள்ளி வைத்தாய். பிறகு சொன்னாய், "சரி, எங்கட சட்டத்தைப் பாருங்கோ. கொள்ளி வைச்சது ஆர்? நான்தானே. அந்த பட்டனை அமத்தினது நான். பழியும் என்ர. நீங்கள் தொடக்கூடாது."

உனக்குக் கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்வியை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு தகப்பன் கேட்கக் கூடாத கேள்வி. "எப்ப செய்யப்போறாய்?" என்று கேட்டேன். நீ கத்தியைத் துவாயில் திரும்பச் சுற்றிக்கொண்டு, "அது என்ர விஷயம். கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கத்துக்குப் போகவில்லை. உண்மையாகவே கோயிலுக்குப் போனேன், சாமியைக் கும்பிடத் தோன்றவில்லை, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நீ வீட்டுக்கு வரப் பிந்தினால் யன்னலடியில் நிற்பேன். போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடி எடுப்பேன். சுதனுக்குத் தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பிய பிறகும் அது போகவில்லை. வெளியே வரும் நாளுக்காகக் காத்திருக்கிறாயோ என்று நினைத்தேன். என்னிடமிருந்து பழியைப் பிடுங்கி நீ சுமக்கிறாய் என்று தெரிந்தும், திருப்பித் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு கலியாண வீட்டில் உன்னோடு படித்த பெடியன் ஒருவன் உன் காதுபடவே சொன்னான், "தமையனைக் கொலை செய்தவன் சோறு தின்னுறான், இவர் இஞ்ச ஜப்பான் படம் பார்த்துக்கொண்டு திரியிறார், சரியான பயந்தாங்கொள்ளி." நீ தட்டில் இருந்த வடையைச் சாப்பிட்டு முடித்தாய். எனக்கு எழும்பி அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கை நீட்டி நாங்கள் பட்டது காணும் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ பால் பெட்டியைக் கட்டிக் கீழே பேஸ்மென்ட் லொக்கரில் போட்டாய். அதற்குப் பிறகு நீ அவற்றைத் திறந்து நான் காணவில்லை.

நான் திறந்தேன். நீ யூனிவர்சிட்டிக்கென்று வோட்டர்லூ போன பிறகு, ஒவ்வொன்றாக எடுத்து ஒஷாவா வானில் வாசித்தேன். வானில் இருக்கிற பெடியள், "என்ன அண்ணை, இந்த வயதில கராத்தே பழகப்போறியளோ?" என்று பகிடி பண்ணினார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நீ சொன்ன சட்டம் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்த்தவர் எழுதிய குறிப்பில் இருந்தது. நீ பொய் சொல்லவில்லை. இன்னொன்றும் அதில் இருந்தது, அதை நீ அன்று எனக்குச் சொல்லவில்லை. பழியை ஏற்றுக்கொண்டவன் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், முடிக்காமல் திரும்பி வர முடியாது. எத்தனை வருடமானாலும் ஊர் ஊராக அலைய வேண்டும். உன்னுடைய சாமுராய் புறப்படுகிற பக்கத்தில் அவனுடைய தாய் வாசல் வேலிப்படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே ஒரு சின்னப் படம். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் அவளைக் காணவில்லை. படம் கீறினவன் அவளை அந்தப் படலையிலேயே மறந்துவிட்டான். தகப்பன் என்று ஒருவன் இருந்தானோ என்பதே தெரியாது. எனக்கு அந்தப் படத்தைத் தாண்டிப் போக நெடுநேரம் பிடித்தது.

உன்னிடம் இருந்த புத்தகங்கள் முடிந்த இடத்தில் கதை முடியவில்லை. ஒரு நாள் டவுண்டவுனுக்குப் போய் நீ வாங்குகிற கடையைத் தேடிப் பிடித்தேன். காதில் வளையம் போட்ட பெடியன் ஒருவன் இருந்தான், என்னைக் கண்டதும் வழி கேட்க வந்த கிழவன் என்று நினைத்திருப்பான். அடுத்த புத்தகம் வேண்டும் என்றேன். இங்கிலீஷில் போடுவதை இடையிலேயே நிறுத்திவிட்டார்களாம். ஜப்பானில் எப்போதோ எழுதி முடித்தாயிற்று, ஆனால் முடிவு அந்தப் பாஷையில் மட்டும்தான் இருக்கிறதாம். நீ ஜப்பானுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, அம்மா எல்லாருக்கும் மகனுக்கு அங்கே நல்ல வேலை என்று சொல்லித் திரிந்தாள். எனக்கு அந்தக் கடைப் பெடியன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

இனித்தான் உனக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். போன மாசி மாதம், நீ சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம், வானோட்டுகிற தம்பி சொன்னான், "பரமண்ணை நேற்று மோசம் போயிட்டாராம், ஹார்ட் அட்டாக்." வானில் எல்லாரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். எத்தனை வருடம் நானும் அந்த மனிதரும் ஒரே வானில், ஒரே போத்தலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போனோம். அன்று முழுக்க அவர் காற்சட்டையிலிருந்து சினோவைத் தட்டியது என் கண்ணுக்கு முன்னால் நின்றது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நான் செத்தவீட்டுக்குப் போறன்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பையில் எதையாவது வைத்திருக்கிறேனோ என்று பார்த்தாள் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு என்னுடைய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணித் தந்தாள்.

சேந்தனை வைத்திருந்த அதே மலர்ச்சாலை. நான் உள்ளே போனதும் ஒப்பாரி நின்றது. கடைசி வரிசையில், பரமண்ணை நின்ற இடத்தில்தான் நானும் நின்றேன். யாராவது என் ஜக்கெற்றைப் பிடித்து இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இழுத்திருந்தால் போயிருப்பேன். ஒருவரும் வரவில்லை. முன்னால் சுதன் நின்றான். கொள்ளி வைக்க அவனை விட்டால் ஆள் இல்லையென்று சிறையிலிருந்து கொஞ்ச நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் காவலர் இருவர். கைவிலங்கைக் கழற்றி ஒருவர் கையில் வைத்திருந்தார். நனைந்த வேட்டி, மழித்த தலை. நீ நின்றது போலவே வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் அவனுடைய வாய் கோணிக்கொண்டு போனது.

நான் பரமண்ணையின் காலடியில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். சுதன் எனக்கு முன்னால் இருந்தான். அந்தக் கையை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், தம்பி. அதை வெட்டுவதாக, முறிப்பதாக நினைத்திருக்கிறேன். பிடித்தபோது அது குளிர்ந்து போய், மணிக்கட்டில் விலங்கு அழுத்திய சிவப்போடு இருந்தது. சேந்தனுடைய கை மாதிரியே இருந்தது, அதே பருமன். "அங்கிள்" என்றான், அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "அழாதை. கொப்பருக்குச் செய்ய வேண்டியதைச் செய்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. அவன் பெயரை யாராவது சொன்னால் இப்போதும் நான் எழும்பிப் போய்விடுவேன். ஆனால் கையைப் பிடித்துவிட்டேன். துக்கக்காரன் கையைப் பிடித்த பிறகு அவன்மேல் கத்தி தூக்க நம்முடைய ஆட்களுக்கு வழியில்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அம்மா பேக்கரிப் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தியைத் தூக்கிக் காட்டி, "உது என்னெண்டு தெரியுதோ?" என்று கேட்டாள். நான் பாண் கத்தி என்றேன். "வடிவாப் பாருங்கோ" என்றாள். நீளமாக, பல்லுப் பல்லாக இருந்தது. பிடியில் எங்கள் தொழிற்சாலையின் நீலப் பூச்சு கழன்றுபோய்க் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நீ அதே சனிக்கிழமை பின்னேரம், அவள் வேலையால் வந்ததும் அவளிடம் கொடுத்திருக்கிறாய். "அம்மா, பாண் வெட்ட நல்ல கத்தி, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாயாம். அவளும் ஒன்றும் கேட்கவில்லையாம், கேட்காமலே விளங்கிவிட்டதாம். ஐந்து வருடமாக அந்தக் கத்தி வெட்டிய பாணைத்தான் நான் சம்பலோடு தின்றிருக்கிறேன், உன்னுடைய கட்டிலுக்குக் கீழே அது இருக்கிறதோ என்று பயந்து பயந்து. உன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இதை ஒரு சொல் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அம்மா சொன்னாள், "சொல்லியிருந்தால் நீங்கள் வேற கத்தி எடுத்திருப்பியள்." அவள் சொன்னது சரி. பழி உன்னுடையது என்று நான் நம்பிக்கொண்டிருந்தவரைதான் நான் வீட்டில் இருந்தேன்.

அதற்காகத்தானே நீ பயந்தாங்கொள்ளி என்ற பெயரை வாங்கிக்கொண்டு, வடையைத் தின்றுவிட்டுப் பேசாமல் எழும்பி வந்தாய். அண்ணனுக்காக அழக்கூட உனக்கு நான் இடம் விடவில்லை. அழுதால் நான் கிளம்பிவிடுவேன் என்று அடக்கிக்கொண்டாய். பதினேழு வயதில் தமையனையும் இழந்து, தகப்பனையும் காவல் காத்தாய். உனக்கு யாரும் காவல் இருக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்குச் சேந்தன் செத்தபோது வந்ததைவிடக் கூடுதலாக அழுகை வருகிறது, அதை அவனும் பிழையாக எடுக்கமாட்டான்.

ஆனால் நீ விளையாட்டாகச் சொல்லியிருந்தாலும், என்னைத் தடுக்கச் சொல்லியிருந்தாலும், சொன்ன சொல் சொன்னதுதான். பழி உன்னுடையது. கொள்ளி வைத்தவன் நீ. உன்னுடைய புத்தகச் சட்டப்படியும் தகப்பனுக்கு அதில் பங்கில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், உனக்குச் சொந்தமானதை நான் போய் அந்த மலர்ச்சாலையில் முடித்துவிட்டேன். நீ வந்திருந்தால் கையைப் பிடித்திருப்பாயோ, முகத்தைத் திருப்பியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்கிற உரிமை உன்னுடையதாக இருந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், என்னோடு சண்டை பிடி. இத்தனை வருடத்தில் நீ என்னோடு ஒரு தடவைகூடச் சண்டை பிடித்ததில்லை, அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

அங்கே குளிர் இந்த ஊர்க் குளிர் மாதிரி இருக்காதாம், ஆனாலும் அம்மா பின்னிய தொப்பியைப் போடு. படிப்பிக்கிற பிள்ளைகளில் யாராவது தோள் முட்டினால் சிரித்துவிட்டுப் போகப் பழக்கு, இங்கிலீஷ் பிறகு வரும். பாஷை கொஞ்சம் பிடிபட்டதும் உன் கதையின் கடைசிப் புத்தகத்தைத் தேடி வாங்கி வாசி. அந்தத் தாய் திரும்ப வருகிறாளா என்று பார். போனில் சொல்லாதே, நேரில் வந்து சொல். எனக்கு இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அதனால் மிகவும் பிந்தாமல் வா.

பழியோடு புறப்பட்டவன்தான் முடிக்காமல் வீட்டுக்கு வர முடியாது. உன்னிடம் இப்போது அது இல்லை. நீ குளிக்கப் போனபோது, மேசையில் வைத்த திறப்பை எடுத்து உன் கைப்பெட்டியின் பக்கப் பையில், தொப்பிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பூட்டை மாற்ற மாட்டோம்.

அப்பா